நெட்டைத்தடியின் வடக்கு வரப்பு

வெள்ளம் கொண்டுவந்து போட்ட வண்டல் முழ உயரத்துக்கு இறுகிக் கிடந்தது. அந்தக் கைகள் அதைக் கொத்தவில்லை, சீவின. மண்வெட்டியைப் படுக்கவைத்து இரண்டு விரல் கனத்துக்கு ஓர் அடுக்கைச் சீவி, இடப்பக்கம் புரட்டிப் போட்டு, திரும்பவும் சீவின. கொத்தினால் அடியில் இருக்கும் பழைய வயல்மண் கலங்கிவிடும். சீவினால் வண்டல் தனியாகவும் வயல் தனியாகவும் பிரியும். காய்த்துப்போன அந்த உள்ளங்கைகளுக்குக் கண்ணுக்கு முந்தியே வித்தியாசம் தெரிந்தது. வண்டல் வழுக்கிக்கொண்டு வரும். வயல் கொஞ்சம் பிடித்து இழுக்கும்.

வடமேற்கு மூலையில், வெள்ளத்தில் வேரோடு போன பூவரசின் குழிக்குப் பக்கத்தில், மண்வெட்டி எதிலோ இடித்து நின்றது. கைகள் அதைக் கீழே வைத்துவிட்டு விரல்களால் துழாவின. நான்கு பக்கமும் செதுக்கிய கல். உச்சியில் பெருக்கல் குறி.

செல்வமணி குத்தவைத்து உட்கார்ந்து அதைப் பார்த்தார். சர்வே கல். ஐம்பத்தேழு வயதில், தான் பிறந்ததிலிருந்து மிதித்து வரும் வயலின் வடக்கு எல்லைக்கல்லை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறார். பார்த்ததில் சந்தோஷம் வரவில்லை. கல் அவருடைய வயலுக்குள் அல்லவா நிற்கிறது.

ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டிலிருந்து பிரியும் வடகாலின் கீழ் இரண்டு வயல்கள் அடுத்தடுத்து இருக்கின்றன. வாய்க்காலை ஒட்டி வடக்கே மேலத்தடி. அதற்குத் தெற்கே, ஓரடி பள்ளத்தில், நெட்டைத்தடி. தண்ணீர் மேலத்தடிக்குள் நுழைந்து, அது நிறைந்த பிறகுதான் நெட்டைத்தடிக்கு இறங்கும். நெட்டைத்தடியைக் குத்தகைக்கு உழுபவர் செல்வமணி. மேலத்தடியைக் குத்தகைக்கு உழுபவள் கலைச்செல்வி. இருவருக்கும் நடுவில் இருந்தது ஒரே ஒரு வரப்பு. போன டிசம்பர் வெள்ளத்தில் வாய்க்கால் கரை உடைந்து, அந்த வரப்பு இருந்த தடமே இல்லாமல் போயிற்று. கிழக்கு ஓரத்தில் தண்ணீர் இறங்குகிற சிமெண்டுக் குழாய் மட்டும் மிஞ்சியது. மேற்கு ஓரத்தில் யாரும் கைவைக்காத தாழம்புதரும் பூவரசும் இருந்தன. அவற்றை ஆறு பிடுங்கிக்கொண்டு போனதால்தான் உள்ளே இருந்த கல் வெளியே வந்தது.

ஜூன் முதல் வாரத்தில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் விடுவார்கள். முதல் தண்ணீரில் மண் நனைந்ததும் வரப்பைத் திரும்பப் போட வேண்டும். குழாயிலிருந்து பூவரசுக் குழிக்கு நேர்கோடு என்று இருவரும் பேசி முடித்து, கலைச்செல்வி நாலு கம்பும் நட்டு வைத்திருந்தாள். அந்தக் கம்பு வரிசைக்குத் தெற்கே ஏழடி தள்ளி நின்றது கல்.

செல்வமணி ஒரு கல்லை மட்டும் நம்பி முடிவுக்கு வருகிறவர் இல்லை. வீட்டுக்குப் போய், தகப்பனார் காலத்தில் தாலுகா ஆபீசில் பதிந்த குத்தகைப் பத்திரத்தையும் அதோடு மடித்து வைத்திருந்த புலப்படத்தையும் எடுத்து வந்தார். தென்வரப்பில் இருக்கும் கல்லிலிருந்து டேப்பைப் பிடித்தார். இரண்டு முறை அளந்தார். காற்றில் டேப் தொய்கிறதோ என்று மூன்றாம் முறை ஆற்றோரக் காற்று அடங்கிய பிறகு அளந்தார். படத்தில் எழுதியிருந்த அளவு அந்தக் கல்லோடு முடிந்தது. கிழக்கு ஓரத்தில் அளந்தபோதும் குழாய் அதே ஏழடி வடக்கே தள்ளியிருந்தது. வரப்பின் நீளத்தோடு பெருக்கிப் பார்த்தால் மூன்று செண்டு. மேலத்தடியின் மூன்று செண்டை நெட்டைத்தடி எப்போதோ விழுங்கியிருக்கிறது.

வெள்ளாமை செய்கிற சம்சாரிகளுக்குள் ஆயிரம் வசவு உண்டு. குடிகாரன் என்றால் சிரித்துக்கொள்வான். சோம்பேறி என்றால் முறைப்பான். வரப்பை அரிக்கிறவன் என்று சொன்னால் மட்டும் அன்றைக்கு ஊரில் இரண்டு பேர் மண்டை உடையும்.

செல்வமணியின் தாத்தா சுடலைமுத்து சாத்தான்குளத்துக்கு அந்தப்பக்கம் செம்மண் தேரியில் பிறந்தவர். மூன்று வருஷம் மழை பொய்த்தபோது, ஒரு ஜோடி மாட்டையும் பெண்டாட்டியையும் ஓட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்கு வந்தார். திருநெல்வேலி பேட்டையில் இருந்த முஸ்லிம் குடும்பம் ஒன்றுக்கு நெட்டைத்தடி சொந்தம். அந்த வீட்டு வாசலில் போய் நின்று, "தண்ணி பாத்ததில்ல முதலாளி, ஆனா மண்ணு தெரியும்" என்றாராம். பெரியவர் சிரித்துவிட்டுக் கொடுத்தார். அன்றிலிருந்து வருஷாவருஷம் குத்தகைக்கான பாட்ட நெல் பேட்டைக்குப் போகிறது. முதலில் வண்டியில், பிறகு லாரியில், இப்போது மினி லாரியில்.

சுடலைமுத்துவின் மகன் கருத்தையா. செல்வமணியின் தகப்பனார். அவரைப் பற்றி அந்த வயல்பத்து முழுவதும் சொல்லும் கதை ஒன்று உண்டு.

மேலத்தடியை உழுது வந்தவன் பிசான நெல் அறுப்புக்கு முந்தி பாம்பு கடித்து இறந்துபோனான். அவன் மனைவி இசக்கியம்மாளுக்குக் கையில் பிறந்து ஏழு மாதமான பெண்பிள்ளை. அந்தப் பிள்ளைதான் கலைச்செல்வி. நடுவது, களை பறிப்பது, அறுப்பது எல்லாம் இசக்கியம்மாளுக்குப் பழக்கம். வரப்பு வேலைதான் முடியவில்லை. அது ஆம்பளை வேலை என்று இருந்தது, ஆள் விட அவளிடம் ஒன்றும் இல்லை. நண்டு வளை போட்டு வரப்பு பூராவும் ஓட்டை. அவள் வயலில் கட்டிய தண்ணீர் ராத்திரிக்கு ராத்திரி நெட்டைத்தடிக்குள் ஒழுகியது. பள்ளத்து வயல்காரனுக்கு அது சும்மா வருகிற தண்ணீர். வேறொருவராக இருந்தால் பார்த்தும் பாராமல் இருந்திருப்பார்.

கருத்தையா அப்படி இருக்கவில்லை. ஒவ்வொரு பூவுக்கும், அதாவது ஒவ்வொரு சாகுபடிக்கும், தன் பக்கத்து வரப்பைச் செதுக்கும்போது, செதுக்கிய மண்ணை அப்படியே தூக்கி அந்தப் பக்கம் அப்பினார். நண்டு வளைகளை மிதித்து அடைத்து, மண்வெட்டியின் முதுகால் தேய்த்து, மழுமழுவென்று பூசிவிட்டுத்தான் கரையேறுவார். காரும் பிசானமுமாக வருஷத்துக்கு இரண்டு தடவை. இருபத்தெட்டு வருஷம். முட்டி தேய்ந்து அவரால் முடியாமல் போனபோது கலைச்செல்விக்குக் கல்யாணம் ஆகி, அவள் புருஷன் வேலுச்சாமி வந்து மண்வெட்டியைப் பிடித்துக்கொண்டான். கருத்தையா செத்த அன்று இசக்கியம்மாள் தலைமாட்டில் உட்கார்ந்து, "என் தண்ணியக் காத்த மவராசன்" என்று அழுதது செல்வமணிக்கு நினைவிருக்கிறது.

இப்போது அவர் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து அந்தக் கணக்கைப் போட்டார். தன் பக்கம் இரண்டு விரல் செதுக்கல். அந்தப் பக்கம் இரண்டு விரல் பூச்சு. ஒவ்வொரு பூவுக்கும் வரப்பு இரண்டு விரல் வடக்கே நகரும். ஐம்பத்தாறு பூவுக்கு ஏழடி. அப்பா செய்த உபகாரம் முழுவதும் அளவு குறையாமல் அங்கே கிடந்தது, மூன்று செண்டாக.

கல்லின் மேல் நாலு கூடை வண்டலைத் தள்ளினால் போதும். ஒருவருக்கும் தெரியாது. சொன்னால், உபகாரம் செய்த கருத்தையா என்ற பேர் போய், விதவை வயலை அரித்த கருத்தையா என்று ஆகும். வேறு பயமும் இருந்தது. கலைச்செல்வி முகம் திரிந்தால், நெட்டைத்தடிக்குத் தண்ணீர் இறங்குவது அவள் கையில்.

வீட்டில் பேச்சித்தாயிடம் சொன்னார். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள்.

"மண்ணைத் தள்ளி மூடிட்டு வாங்க" என்றாள். "செத்த மனுசனை எதுக்கு எழுப்பணும்."

"கண்ணுல பட்டுட்டே."

"கண்ணுல பட்டதையெல்லாம் ஊருக்குச் சொன்னா நான் ஒங்களைப் பத்தி எம்புட்டுச் சொல்லணும்?"

சிரித்தார். ஆனால் பத்திரத்தை மடித்து உள்ளே வைக்கவில்லை.

மறுநாள் பேட்டைக்குப் போன் போட்டார். நிலத்துக்காரர் இப்போது சித்தி ஜனாபா என்கிற அம்மாள். அந்தப் பெரியவரின் மருமகள், எழுபதைத் தாண்டியவர். மகள் சபீதா எடுத்து உம்மாவிடம் கொடுத்தாள்.

"யாரு, கருத்தையா மவனா? வரப்பு போட்டாச்சா வாப்பா?"

செல்வமணி விஷயத்தைச் சொன்னார். பேச்சின் நடுவில் இரண்டு தடவை, "அப்பா தெரிஞ்சு செய்யல அம்மா" என்றார்.

சித்தி ஜனாபா கேட்டது ஒன்றுதான்.

"என் பத்திரத்துல எம்புட்டு இருக்கு?"

"கல்லு வரைக்கும்தான் அம்மா."

"பொறவு என்ன? அடுத்தவுக ஹக்கு ஒரு பிடி மண்ணுனாலும் எனக்கு வேண்டாம். அந்தப் பிள்ளைகிட்ட நீயே போய்ச் சொல்லிரு. இன்னொருத்தர் வாயில போய்ச் சேரக்கூடாது." பிறகு, குரலைத் தாழ்த்தி, "ஒங்கப்பன் அப்பிடிப்பட்ட ஆளு இல்ல. எனக்குத் தெரியும்" என்றார்.

குறையப் போகிற நெட்டைத்தடி பேட்டையில் இருப்பவருக்குச் சொந்தம். கூடப் போகிற மேலத்தடி சென்னையில் இருக்கும் இன்னொருவருக்குச் சொந்தம். கொடுக்கிறவனுக்கும் வாங்குகிறவளுக்கும் அதில் ஒரு பிடி கிடையாது. இருந்தும் சொல்ல வேண்டியது தான்தான் என்று செல்வமணி டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

கலைச்செல்வி மேலத்தடியில் மணல் மேட்டை வாரிக்கொண்டிருந்தாள். கூப்பிட்டு, கல்லைக் காட்டி, டேப்பைக் கையில் கொடுத்து, "நீயே அளந்து பாரு தாயி" என்றார். பிறகு இரண்டு விரலைக் காட்டி, அப்பா செதுக்கியதையும் பூசியதையும் விளக்கினார். அவள் அளக்கவில்லை. கல்லைப் பார்த்தாள். கம்பு வரிசையைப் பார்த்தாள். கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பேச்சும் இல்லை. வேலுச்சாமி டீக்கடையில் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் திறந்துவிடும் மகாராஜன் பாலத்தில் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன வே செல்வமணி, ஒங்கப்பன் வரப்பை நடத்தியே கூட்டிட்டுப் போனாராமே. கயிறு கட்டியா, கையைப் பிடிச்சா?"

கூட இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். செல்வமணி மண்வெட்டிக் காம்பை இறுக்கிப் பிடித்தார்.

"தண்ணி என்னைக்குத் தொறக்கீரு? அதைச் சொல்லும்."

"வெள்ளிக்கிழம. ஒமக்கு எறங்குமான்னுதான் தெரியல."

அன்று சாயங்காலம் கலைச்செல்வி வந்தாள். வீட்டுக்கு வரவில்லை, வயலுக்கே வந்தாள். கம்பு நட்ட இடத்தில் நின்றுகொண்டு பேசினாள்.

"ரெண்டு நாளா ஒரே கோவம், அண்ணாச்சி."

"இருக்காதா பின்ன."

"ஒங்க மேல இல்ல. எங்கம்மா மேல. அவளுக்குத் தெரியும்."

செல்வமணிக்குப் புரியவில்லை.

"மேலத்தடியில நடவுக்குப் பன்னெண்டு பேரு வரிசையா நிக்கலாம். நான் சின்னப்பிள்ளையா இருக்கையில அம்மா பன்னெண்டு பேரைத்தான் கூப்பிடுவா. நான் நாத்து முடி எடுத்துப் போடுவேன். பொறவு கடைசி ஆளுக்கு எடம் இடிச்சுது. ஒருத்தி கால ஒருத்தி மிதிப்பாளுவ, ஒரே சண்டை. பதினொண்ணு ஆச்சு. நான் கேட்டேன், ஏம்மா ஆளைக் கொறச்சுட்டேன்னு. என்ன சொன்னா தெரியுமா? அந்தப் பன்னெண்டாவது ஆளு கூலி கருத்தையா அண்ணனுக்குப் போவுது, போவட்டும்ன்னா. சும்மா சொல்லுதான்னு நெனச்சேன். நீங்க கல்லைக் காட்டினப்பதான் ஒறைச்சுது."

செல்வமணி வரப்பில்லாத வயலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சாகுத வரைக்கும் வாயைத் தொறக்கல பாருங்க" என்றாள் கலைச்செல்வி. "சொன்னா அவுக வந்து பூசுததை நிறுத்திருவாகன்னு நெனச்சிருப்பா. ஒழுகாத வரப்பு வேணும்ல. அதான் கோவம். நான் பட்டினி கெடந்த வருசமும் உண்டு அண்ணாச்சி. மூணு செண்டு நெல்லு எத்தனை நாளு கஞ்சி." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்பக் கோவம் போயிட்டு. அந்த வரப்பு ஒழுகியிருந்தா மிச்சமும் வெளைஞ்சிருக்காது. கம்பு நிக்கிற எடத்துலயே போடுங்க. கூலியைத் திருப்பிக் குடுக்குத வழக்கம் எங்கயாவது உண்டா?"

மூன்று செண்டு செல்வமணியிடமே இருந்துவிடும். ஊர் வாயும் அடங்கும். அவள் மனசாரத்தான் சொல்கிறாள் என்று குரலில் தெரிந்தது.

"கூலின்னு உங்கம்மா குடுத்திருக்கா" என்றார் செல்வமணி. "எங்கப்பா கூலின்னு வாங்கலியே தாயி. வாங்காத கூலியை நான் எப்பிடி வச்சுக்கிட?"

"வச்சா என்ன?"

"வச்சா அவரு கூலிக்கு வந்த ஆளா ஆயிருவாரு. அவரு கூலிக்கு வரல."

கலைச்செல்வி நாலு கம்புகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்து பேச்சித்தாயிடம் பன்னிரண்டாவது ஆள் கதையைச் சொன்னார். அவள் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

"நம்ம தடியில வடவோரம் எப்பவும் ஒரு நிரை மிச்சம் விழும்லா. எல்லாரும் கரையேறின பொறவு யாராவது ஒருத்தி திரும்பிப் போய் நடணும். ஒங்க அம்மையே வஞ்சிக்கிட்டேதான் நடுவாக."

"என்கிட்ட ஏன் ஒருநாளும் சொல்லல?"

"நீங்க என்னைக்கு நட்டீங்க, கேக்கதுக்கு?"

உண்மைதான். ஆண்கள் வரப்பைப் பார்த்தார்கள். அது ஒழுகாமல் நின்றால் சரி. வயல் எவ்வளவு அகலம் என்று தெரிந்தவர்கள் குனிந்து நட்டுக்கொண்டே பின்னால் நடந்த பெண்கள். ஐம்பது வருஷம் இரண்டு பக்கமும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்ளவில்லை. தாழம்புதர் கல்லை மறைத்துக்கொண்டது.

வெள்ளிக்கிழமை தண்ணீர் வந்தது. மகாராஜன் முதல் முறையை மேலத்தடிக்கே திறந்தார். கலைச்செல்வி அணை கட்டாமல் கீழே விட்டுவிட்டாள். வரப்பு போட ஈரமண் வேண்டும் அல்லவா.

செல்வமணி கல்லிலிருந்து கிழக்கே கயிறு பிடித்தார். கயிற்றுக்குத் தெற்கே, தன் வயலில் வாய்க்கால் போல வரிசையாக மண்ணெடுத்தார். வடக்குப் பக்கத்திலிருந்து ஒரு மண்வெட்டி மண்கூட எடுக்கவில்லை. முதல் நாள் அடித்தளம். சேற்றைக் கட்டிகட்டியாகத் தூக்கி வைத்து, காலால் மிதித்து, வெடிப்பு இல்லாமல் இறுக்கினார். இரண்டாம் நாள் உயரம். வெயில் ஏறியதும் நிறுத்திவிட்டு, மேல்மண் காய்ந்துவிடாமல் நனைத்த சாக்கைப் போட்டு மூடினார். சாயங்காலம் சாக்கை எடுத்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினார். மூன்றாம் நாள் சிமெண்டுக் குழாயைப் பழைய இடத்திலிருந்து தோண்டி எடுத்து, ஏழடி தெற்கே கொண்டுவந்து, அதே மட்டத்தில் வைத்துப் பதித்தார். மட்டம் ஓர் அங்குலம் தாழ்ந்தால் மேலத்தடியில் தண்ணீர் நிற்காது. தண்ணீர் ஊற்றி, எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, இரண்டு தடவை எடுத்துத் திருப்பிப் பதித்தார்.

நாலாம் நாள் ஏழடி அகலப் பட்டையைச் சமப்படுத்தினார். அது நெட்டைத்தடியின் பள்ளத்தில் இருந்த மண். மேலத்தடி மட்டத்துக்கு ஓரடி உயர்த்த வேண்டும். சீவிக் குவித்து வைத்திருந்த வண்டலைக் கூடை கூடையாக அங்கே கொட்டினார். பேச்சித்தாயும் வந்து நின்றாள். "இதுக்கு மட்டும் என்னைக் கூப்பிடத் தெரியுது" என்று சொல்லிக்கொண்டே சுமந்தாள். வேலுச்சாமி கரையில் நின்று பார்த்தான். கொஞ்ச நேரத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனும் இறங்கினான்.

மகாராஜன் சைக்கிளில் போகிற வழியில் பாலத்தில் காலூன்றினார்.

"வரப்பு திரும்பி வந்துட்டு போலியே வே."

"ஆமா. வழி தெரிஞ்சுட்டு" என்றார் செல்வமணி, நிமிராமல். மகாராஜன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சிரிக்காமல் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனார்.

கடைசியில் வடக்குப் பக்கத்துப் பூச்சு. அந்தப் பக்கம் வேலுச்சாமி பூசலாம். செல்வமணி விடவில்லை. தன் வயல் சேற்றையே இரண்டு கையாலும் அள்ளி வரப்புக்கு மேலாகக் கொண்டுபோய் அப்பி, உள்ளங்கையை விரித்து, மேலிருந்து கீழாக ஒரே இழுப்பில் வழித்தார். விரல்தடம் பதிந்தால் அதில் தண்ணீர் தங்கி வெடிக்கும். ஆகவே கடைசி இழுப்பு உள்ளங்கையின் அடிமேட்டால். கோடு கோடாக இல்லாமல், சுட்ட ஓடு மாதிரி வழுவழுவென்று வந்தது.

மறுநாள் காலையில் மேலத்தடியில் தண்ணீர் கட்டி நின்றது. கலைச்செல்வி வரப்பின் மேல் ஏறி, மேற்கே கல்லிலிருந்து கிழக்கே குழாய் வரைக்கும் நடந்தாள். வெறுங்காலால், குதிகாலை அழுத்தி அழுத்தி. ஓர் இடத்தில் நின்றாள்.

"இங்கன பொதபொதன்னு இருக்கு."

செல்வமணி வந்து குனிந்து பார்த்தார். நண்டு ஒன்று இரவோடு இரவாக வேலையைத் தொடங்கியிருந்தது. வளைக்குள் கையை விட்டு அதை இழுத்து எறிந்துவிட்டு, சேற்றைத் திணித்து, அடிமேட்டால் வழித்துவிட்டார். அவள் அதே இடத்தில் திரும்பவும் மிதித்தாள். இரண்டாம் தடவையும் மிதித்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

நெட்டைத்தடிப் பக்கம் ஒரு சொட்டும் கசியவில்லை. செல்வமணி தன் பக்கம் இறங்கி, மண்ணெடுத்த பள்ளத்து நீரில் கையைக் கழுவினார்.

"பாத்துக்கோ தாயி" என்றார்.

கலைச்செல்வி சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, வரப்பிலிருந்து வடக்கே, அந்த ஏழடிச் சேற்றுக்குள் இரண்டு காலையும் வைத்து இறங்கினாள்.